ஐந்திலிருந்து ஒன்றுக்கு

என் மகள் பதினான்கு வயதில் எனக்குக் கொடுத்த வேலையை இந்த வருஷம்தான் செய்து முடித்தேன். ஐந்து தடிதடியான புத்தகங்கள், மாயமந்திரக் கதை. டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் அந்தத் தொடரைப் படித்துவிட்டு அழாத பிள்ளையே கிடையாது என்பார்கள். அந்த வயதுப் பிள்ளைகளின் அழுகைமேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை.

முதல் புத்தகத்தை என் ஆபீஸ் பையில் அவளே வைத்தாள். "ஒன் வீக்ல படிச்சிடுங்கப்பா, ப்ராமிஸ்?" என்றாள். நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். நாள் முழுக்கக் கோப்பு படிப்பவனுக்கு டிராகன் எதற்கு? ஒரு வாரம் புத்தகம் பையோடு ஆபீஸ் போய்வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து நீட்டி, "படிச்சிட்டேன் பாப்பா, நல்லாருந்துச்சு" என்று கூசாமல் சொன்னேன்.

அவள் புத்தகத்தைப் புரட்டி எதையோ பார்த்தாள். "அச்சா. வாசல்காரர் பிடிச்சுதா?"

"எந்த வாசல்காரர்?"

சண்டை எதுவும் போடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு புத்தகத்தையும் என்னிடம் நீட்டியதில்லை. இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போனில் "சாப்டீங்களா?" என்பாள், "சாப்டேன்" என்பேன், "அம்மாகிட்ட குடுங்க" என்பாள். வீட்டில் இருந்தபோதும் இப்படித்தான், ஒன்பது வருஷமாக எங்கள் பேச்சு இவ்வளவுதான். ஒரே பிள்ளை, எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஆரம்பித்து வைத்தவன் நான்தானே, யாரிடம் போய்ச் சொல்ல?

போன குளிர்காலத்தில் ஆபீஸ் கேன்டீனில் எங்கள் அண்டர் செக்ரட்டரி அதே தொடரைப் பற்றிக் கண் கலங்கப் பேசினார். சிரிக்கவே தெரியாத மனுஷி அவர். அன்றைக்கே வீட்டுக்கு வந்து மகளின் அலமாரியைத் திறந்தேன். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு மறுநாள் மெட்ரோவில் ஆரம்பித்தேன்.

அது ஐந்தாம் பாகம். அட்டையில் ஐந்து என்று போட்டிருந்ததையும் பார்த்தேன். பார்த்தும் தப்பாகத் தோன்றவில்லை. எங்கள் கோப்பில் கடைசியாக வந்த தாள்தான் மேலே இருக்கும். அதைப் படித்துவிட்டு, விவகாரம் எங்கே தொடங்கியது என்று ஒவ்வொரு தாளாகக் கீழே போவோம். முப்பத்தோரு வருஷம் இப்படியே படித்தவனுக்கு வேறு எப்படிப் படிக்க வரும்?

"கதையைக் கடைசியிலேர்ந்து படிக்கிற மனுஷனை இப்பத்தான் பாக்குறேன். சரி, ஜல்தி சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

ஐந்தாம் பாகத்தில் கோட்டை வாசலில் ஒரு சமாதி. கதாநாயகி அதில் பூ வைக்கிறாள். யாருடையது என்று எனக்குத் தெரியாது. நான்காவதில் ஒரு கிழ வாசல்காரர் சாகிறார். மூன்றாவதில் இருமிக்கொண்டே காவல் இருக்கிறார். இரண்டாவதில் இருமல் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் அவர் போய்விட்டார் என்று அழுதார்கள். எனக்கோ அவர் பாகத்துக்குப் பாகம் தேறி, எழுந்து, நடந்து வந்தார். அந்த மனுஷனுக்காக நான் காலையில் அரைமணி நேரம் முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தேன்.

கடைசியாக முதல் பாகத்தைத் திறந்தேன். உள்ளே மடித்துச் செருகிய சீட்டுகள் இருந்தன. ஆபீஸ் கோப்பில் முக்கியமான பக்கங்களுக்கு நாங்கள் வைக்கிற ஃப்ளாக் மாதிரியே, மூலையில் ஏ, பி, சி என்று எழுதியிருந்தது. நான் வீட்டுக்குக் கோப்பு கொண்டுவந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதியிருந்தாள். அன்றைக்கு அவள் புரட்டிப் பார்த்தது இவற்றைத்தான். ஒரு சீட்டுகூட நகர்ந்திருக்கவில்லை. தெரிந்துகொண்டும், ஒரு கேள்வி கேட்டு எனக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாள்.

"இங்க கொஞ்சம் போர் அடிக்கும். பத்து பக்கம் பொறுத்துக்கோங்க, ப்ளீஸ்" என்றது பி.

சி-யில் வாசல்காரர் வந்தார். காலையில் வெளியே போனவர்களின் பெயரையெல்லாம் எழுதிவைத்து, கடைசி ஆள் திரும்பிய பிறகுதான் கதவைச் சாத்துகிறார். "இவர் நீங்கதான்ப்பா. நான் ட்யூஷன்லேர்ந்து வர்ற வரைக்கும் பால்கனியில நிப்பீங்களே."

நான் நின்றது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ரயிலில் எதிரே இருந்தவர் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று அழுதேன்.

கடைசிப் பக்கத்தைக் கரோல் பாக் வரும்போது முடித்தேன். அங்கே கடைசிச் சீட்டு. "முடிச்சிட்டீங்களா? உடனே என்கிட்ட சொல்லணும். நான் தூங்கிட்டிருந்தாலும் எழுப்புங்க."

இறங்கவேண்டிய ஸ்டேஷன் இல்லை, ஆனாலும் இறங்கினேன். போன் போட்டேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. அவள் பதறிக்கொண்டு, அடிக்குரலில், "க்யா ஹுவா? அம்மாக்கு ஏதாவதா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா. முதல் புக் முடிச்சிட்டேன். இப்பத்தான்."

அவள் கேட்டாள், "வாசல்காரர் பிடிச்சுதா?"

"அஞ்சாவதுல அவரு சமாதியப் பார்த்தேன். ஒண்ணாவதுல வந்து கதவத் திறக்குறாரு பாப்பா. உசிரோட நிக்கிறாரு."

"அஞ்சாவதுலேர்ந்தா படிச்சீங்க? அப்பா!" சிரித்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. "மீட்டிங்ல இருக்கேன். வெளிய வரேன் இருங்க. கட் பண்ணிடாதீங்கப்பா."

அந்தப் புத்தகத்தை எழுதிய புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். வந்த வண்டியை விட்டுவிட்டு, போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அவள் வெளியே வரும்வரை பிளாட்ஃபாரத்தில் நின்றிருந்தேன்.