எழுபத்துநாலு வயது மாமா

எங்கள் மாமாவுக்கு ஐம்பத்தொரு வயதில், ஒரு சனிக்கிழமை காலை மட்டும், எழுபத்துநாலு வயதானது. அதற்குக் காரணம் அக்காவின் நோட்டு.

அக்கா அப்போது முதியோர் பராமரிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதப் படிப்பு, பெங்களூர் அல்சூரில் ஒரு மாடியில் வகுப்பு. ஒவ்வொரு மாணவியும் தன் பகுதியில் ஒரு வயதானவரின் வீட்டுக்கு எட்டு வாரம் போக வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, சாப்பாடு தூக்கமெல்லாம் விசாரித்து நோட்டில் எழுத வேண்டும். மர்பி டவுனில் எங்கள் பின்தெருவில் இருந்த எழுபத்துநாலு வயதுத் தாத்தா ஒருவர் அக்காவுக்குக் கிடைத்தார். ஐந்தாவது வாரம் அவருடைய மகள் அவரைப் பொம்மனஹள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா ஒரு தடவை இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் வீட்டிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டாள். தூக்கம் பரவாயில்லை. பசி உண்டு. மலச்சிக்கல் உண்டு. அந்த மலச்சிக்கல் நான் சொல்லி எழுதியது. எல்லாமே நன்றாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்களே என்று எனக்கு பயம். பத்து வயதில் எனக்கு இந்த மாதிரி பயங்கள்தான் அதிகம்.

எட்டாவது வாரம் போனில் செய்தி வந்தது: சனிக்கிழமை வகுப்பு நடத்தும் மேடம் நேரில் வந்து பெரியவரைப் பார்ப்பார். பொய்யாக எழுதிய ஒரு பெண்ணை முந்தைய வருடம் படிப்பிலிருந்தே அனுப்பிவிட்டார்களாம். அக்காவுக்கு இந்திராநகரில் ஒரு வீட்டில் வேலை சொல்லி வைத்திருந்தது. சான்றிதழ் இருந்தால்தான் அந்த வேலை.

"உண்மையச் சொல்லிடுடி" என்றாள் அம்மா.

"சொன்னா ஆறு மாசமும் போச்சும்மா."

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார், ஆட்டோ ஓட்டினார். தெருவில் யார் எப்படி நடப்பார்கள் என்று கேட்டால் உடனே நடந்து காட்டுவார். "கெழவன்தான வேணும்? நான் இருக்கேன். நாலு நாள் தாடி எடுக்கலன்னா போதும்" என்றார்.

மேடம் அந்தத் தாத்தாவையும் பார்த்ததில்லை, அவர் வீட்டையும் பார்த்ததில்லை. எங்கள் வீடே அவர் வீடாகிவிட்டது. மாமாவின் தலையில் அம்மாவின் பவுடர், அதன்மேல் குளிர்காலத்து மங்கி கேப். எனக்குப் பேத்தி வேஷம். மாமாவைத் தாத்தா என்று கூப்பிட வேண்டும், வேறொன்றும் பேசக் கூடாது. எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது தாத்தா தாத்தா என்று சொல்லிக்கொண்டே போவேன்.

ஒத்திகையில் மாமா வலது கையை உடுக்கை அடிப்பதுபோல ஆட்டினார். இடுப்பை ஒடித்துக்கொண்டு நடந்தார்.

"எழுபத்துநாலுதான்டா கேட்டாங்க. செத்தவன் எந்திரிச்சு வர்ற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

மேடம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கன்னடக்காரர். கன்னடம் கலந்த தமிழ் பேசுவார், தாத்தாவை அஜ்ஜா என்பார். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காராமல் மாமாவுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மாமா வலது கையை ஆட்ட ஆரம்பித்தார். நான் நினைத்ததைவிட நன்றாகவே ஆட்டினார். அப்போதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தேன். அது மடிமேல் கிடந்தது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் பீடி சுற்றுவதுபோல மெதுவாக உருண்டுகொண்டிருந்தன. ஒத்திகையில் இது இல்லையே, கடைசி நேரத்தில் எவ்வளவு அழகாகச் சேர்த்திருக்கிறார் என்று வியந்துபோனேன். மேடமும் வலது கையை விட்டுவிட்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் படித்த அக்காவோ நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஜ்ஜா, ஒரு லைன் எழுதிக் காட்டுங்க. ஏதானா எழுதுங்க."

மாமா மர்பி டவுன், பெங்களூர் என்று எழுதினார். முதல் எழுத்து சரியாக இருந்தது. போகப்போக எறும்பாகச் சிறுத்து, பெங்களூர் படிக்கவே முடியவில்லை.

"ஈக... இப்ப நடங்க. ஸ்வல்ப வாசல் வரைக்கும். நிதானா."

எழுந்திருக்க இரண்டு தடவை முயன்றார். வாசல்வரை போனார். திரும்பும்போது காலை எடுத்து வைக்காமல் அந்த இடத்திலேயே தத்தித் தத்தித் திரும்பினார். நிலைப்படி தடுக்கிச் சாய்ந்தார்.

"மாமா" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா பார்த்தாள். மேடம் மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுக் கேட்டார்:

"இந்த எடது கை இப்டி எத்தன நாளா இருக்கு?"

மாமா குனிந்து, ஏதோ அடுத்தவருடைய கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். "இதுவா மேடம்? ஒரு வருசமா இருக்கும். கிளட்ச் புடிச்சுப் புடிச்சு அப்படி ஆயிடுச்சு."

எழுபத்துநாலு வயதுக்காரருக்கு ஏது கிளட்ச் என்று யாரும் கேட்கவில்லை.

மேடம் அக்காவை வாசலுக்கு வெளியே கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இவர் யார்னு நான் கேக்கல. அந்த நோட்டுல சைன் போட மாட்டேன். புது நோட்டு வாங்கு. இவர் பேர எழுது, நெஜமான வயசப் போடு. திங்கக்கெழம பெரிய ஆஸ்பத்ரில நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் ஆட்டோ எடுக்க வேணாம்னு சொல்லு. அன்னிலேருந்து எட்டு வாரம் எழுதிட்டு வா, கேட்டியா? அழாத. நானே வந்து பாக்கறேன்."

அக்கா உள்ளே வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ரகசியமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதினால் புது நோட்டில் முதலிலிருந்து எழுதச் சொல்வார்களே, அதுதான் இது. மாமாவின் ஆட்டோவையும் தண்டனையில் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் நான் மாமா என்று கத்தியதால் வந்தது. அக்கா பிந்தியாவது அந்தப் படிப்பை முடித்தாள். இந்திராநகர் வேலை அதற்குள் வேறொருத்திக்குப் போய்விட்டது. நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். யாராவது நோட்டைக் கேட்டாலே வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் வாங்கிக் கையெழுத்துப் போடும்போதுகூட எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

அந்தச் சனிக்கிழமை மேடம் போனதும் மாமா பின்பக்கம் குழாயடியில் பவுடரைக் கழுவிவிட்டு, துண்டோடு கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் போய் அழுதேன். "நான்தான் கெடுத்துட்டேன் மாமா. நீ நல்லாத்தான் பண்ணே."

"நல்லாவா பண்ணேன்?"

"வலது கை கொஞ்சம் ஓவரு. இடது கைதான் சூப்பரு. எங்க கத்துக்கிட்டே?"

மாமா துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம் சிரித்தார். "அதுவா? அது சும்மா வந்துச்சு. நல்லாருந்துச்சில்ல?"

"இன்னொரு தரம் பண்ணிக் காட்டு."

அவர் இடது கையை மடியில் வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. குழாயிலிருந்து வாளிக்குள் சொட்டும் தண்ணீரைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். மெல்ல, இரண்டு விரல்களும் உருள ஆரம்பித்தன.

நான் கைதட்டினேன்.