மேபல் துடைத்த திராட்சை

ஸ்கெல்பி எஸ்டேட்டின் சலவைக்காரிக்குப் பிறந்து, நீராவியிலேயே வளர்ந்து, பத்து வருஷம் பெரிய வீட்டுப் படுக்கை விரிப்புகளை வெளுத்தவள் மேபல். ஆம்பிளைகளெல்லாம் யுத்தத்துக்குப் போனதால்தான் திராட்சை வளர்க்கும் கண்ணாடி வீட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதுவும் ஒரு மாசம் பார்க்கலாம் என்று.

தலைமைத் தோட்டக்காரர் கார்பட் சரியான சிடுமூஞ்சி. இருந்தாலும் மேபலுக்கு அந்த இடம் அப்படிப் பிடித்துப்போச்சு. திரும்பச் சலவைக்குப் போக இஷ்டமே இல்லை.

இருபத்தெட்டாம் நாள், பெரிய வீட்டுச் சீமாட்டியின் மதிய விருந்துக்குக் கறுப்புத் திராட்சை ஆறு குலை வெட்டிக் கூடையில் வைத்துவிட்டு, கார்பட் பீச் மரங்களைப் பார்க்கப் போனார். பழத்தின் மேலெல்லாம் மாவு மாதிரி வெள்ளை பூத்திருந்தது. அழுக்கைக் கண்டால் சலவைக்காரி கை சும்மா இருக்குமா? ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, பணியாளிடம் கொடுத்தும் அனுப்பிவிட்டாள்!

திரும்பி வந்த கார்பட் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! பழத்துல தானா பூக்கற அந்த வெள்ளைதான் எனக்கு மரியாதை. பழத்துல கை படலைங்கறதுக்கு அதான் சாட்சி. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு விரல் பட்டதில்ல. இன்னிக்கு அத்தனை துரைமாரும் என்னைப் பார்த்துல்ல சிரிப்பாங்க? நாளைக்குச் சலவைக்கே போயிடு நீ."

மேபலுக்குப் பொறுக்கவில்லை. வேலை போனது போகட்டும், அந்த மனுஷன் பேர் ஏன் கெடணும்? ஓடினாள். தோட்டத்து ஆட்கள் கால் வைக்கவே கூடாத சாப்பாட்டு அறைக்குள் சேற்று பூட்ஸோடு போய் நின்றாள்.

"அம்மா, மன்னிக்கணும். பழத்தைத் துடைச்சது நான். கார்பட் ஐயா தொடவே இல்ல. அவரை யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"என் வீட்டு வெள்ளித்தட்டுகூட இப்படிப் பளபளக்காதும்மா!" என்று ஒரு கிழவர் சிரித்தார். சீமாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரெண்டு பழம் கிள்ளிக் கொடுத்தாள். "துடைச்சவளே தின்னு பாரு, போ."

வாசலில் நின்றிருந்தார் கார்பட்.

"பூட்ஸோடவா உள்ள போன?"

"ஆமா."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"ஆமாங்கய்யா." மேபல் கையை நீட்டினாள். "ஆளுக்கு ஒண்ணு. எடுத்துக்குங்க."

அவர் கை பின்னால் போனது. "நான் இதைத் தின்னதே இல்லம்மா. எல்லாம் பெரிய வீட்டுக்குத்தானே."

மேபல் விடவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துப் பழத்தை வைத்தாள். கார்பட் கண்ணை மூடி மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"கொஞ்சம் புளிக்குதே," என்றார். "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு. இனிமே நாம ரெண்டு பேரும் தின்னு பார்த்துட்டுத்தான் அவங்களுக்கு வெட்டணும்."