அல்சூர் பஜாரில் ரேஸ் கேம்ஷாஃப்ட்

தொம்மலூர் சிக்னலில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு சின்ன கார் குலுங்கிக்கொண்டு நின்றது. எரியாத பெட்ரோல் நாற்றம் ஜன்னலில் ஏறியது. சின்ன வயதில் அல்சூர் வீட்டில் எங்கள் துணிகளெல்லாம் இப்படித்தான் நாறும். ஞாயிறுதோறும் அப்பா வாசலில் எஞ்சினை உறும விடுவார்.

எங்கள் சின்ன காருக்கு அவர் ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தார். எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது; ரேஸுக்கானது அவற்றை அதிக நேரம் திறந்து வைக்கும். வேகத்தில் பலம் தரும். மெதுவாகப் போனால் எஞ்சின் திணறும். அதற்கேற்றபடி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரையோ வால்வு ஸ்பிரிங்கையோ அவர் மாற்றவில்லை. அந்தக் கார் எந்தப் பந்தயத்துக்கும் போனதில்லை. காய்கறி வாங்கப் போனது.

"எஞ்சின் நிமிஷத்துக்கு அஞ்சாயிரம் சுத்து தாண்டட்டும், பறக்கும் பாரு," என்பார்.

"மாடு நிக்கிற பஜார்ல அஞ்சாயிரம் எங்கங்க சுத்தும்?" என்பாள் அம்மா.

அக்காவின் பி.யூ.சி. கணக்குப் பரீட்சைக்கு அப்பா தானே கொண்டுபோய் விடுவதாகப் பிடிவாதம் பிடித்தார். நானும் பின்சீட்டில் இருந்தேன். பஜார் நெரிசலில் கார் நான்கு முறை அணைந்தது. ஐந்தாம் முறை அக்கா இறங்கிப் பஸ் ஏறினாள். எங்களைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து, "அப்பா, நீங்க நிதானமா பறந்து வாங்க," என்றாள். மணி அடிக்கும்போதுதான் உள்ளே நுழைந்தாளாம்.

மாலையில் அப்பா பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை.

"கார்புரேட்டர்தான் பத்தல. கேம்ஷாஃப்ட் மேல தப்பில்ல," என்றார்.

தொம்மலூர் சிக்னலில் பச்சை விழுந்தது. முன்னால் நின்ற கார் அணைந்துபோனது. ஓட்டியவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். பின்கதவைத் திறந்துகொண்டு கல்லூரிப் பெண்ணொருத்தி இறங்கி எங்கள் பஸ்ஸை நோக்கி ஓடிவந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.