வெறுங்கழுத்தோடே போக வேண்டும் என்றார் அக்கா

காங்கேயத்தில் கொப்பரைக் களத்து வேலையை விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். எந்த ஊருக்கு என்று முடிவு செய்திருக்கவில்லை. அப்போதுதான் எஸ்தர் போனில் கூப்பிட்டார். கோவையில் அக்காவோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர், ஒரே சபையைச் சேர்ந்தவர்.

"அண்ணா, அக்கா போயிட்டாங்க. சீக்கிரம் வாங்க. உங்க பெரியம்மா வந்துட்டாங்க."

பெரியம்மா வந்துவிட்டார் என்றதும் கோவை வண்டிக்கு ஓடினேன்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைத் தாலி கட்டி அனுப்புவது எங்கள் சொந்தத்தில் வழக்கம். மூன்று வாரத்துக்கு முன், படுக்கையில் இருந்த அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். "தம்பி, பெரியம்மா பாசக்காரங்க. என்னை வெறுங்கழுத்தோட அனுப்ப மாட்டாங்க. நீ விட்றாதே. இருந்தபடியே போகோணும்." சரி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாமல் மறுநாளே காங்கேயம் கிளம்பிவிட்டேன். என் குணம் அப்படி.

அக்கா பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், பொள்ளாச்சிப் பக்கம் கறவை மாடு வைத்திருந்த பெரியம்மாதான் எங்களை வளர்த்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்று ஊர் சுற்றப் போனேன். அக்கா பன்னிரண்டு முடித்து, கோவையில் ஒரு நகைக்கடையில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தார். அங்கே விடுதியில் பழக்கமான எஸ்தரோடு ஜெபத்துக்குப் போய், இருபது வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். அந்தச் சபையில் பெண்கள் நகை அணிவதில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அக்கா பெரியம்மா கையில் கொடுத்தார். பெரியம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

நகைக்கடையில் நகை போடாத பெண். முதலாளி ஆரத்தை நீட்டி, "சும்மா போட்டுக்கிட்டு நில்லும்மா, வியாபாரத்துக்குத்தானே" என்பாராம். மறுத்ததால் பண்டிகைக் காலங்களில் அக்காவை உள் அறைக்கு மாற்றிவிடுவார்கள். வாங்க வருகிறவர்களும் விடமாட்டார்கள். "ஏனுங்கம்மணி, உங்க கடை நகைய நீங்களே போடக் காணோம், நாங்க எப்படி நம்பறது?"

"நானும் போட்டுட்டா உங்களுக்குக் கண்ணாடி புடிக்கறது யாருங்க?" என்று அக்கா சிரிப்பார்.

ஆசையே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடையில் கூட வேலை செய்த ஒருவர் அக்காவைப் பெண் கேட்டார். நல்ல மனிதர். கோயிலில் தாலி கட்டவேண்டும், சபையை விட்டுவிடவேண்டும் என்றார். அக்கா முடியாது என்றார். புடிக்கலயா என்று கேட்டேன். "புடிச்சுதான் இருந்துச்சு" என்றார். பிறகு அவர் வேறு பெண்ணைப் பேசி முடித்து நகை எடுக்க வந்தபோது, அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலிக்கொடியை வைத்து அளவு பார்த்தது அக்காதான்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்காவுக்குப் பட்டு போர்த்தியிருந்தது. நெற்றியில் குங்குமம், தலை நிறையப் பூ, கழுத்தில் மஞ்சள் கயிறு. காது ஓட்டை எப்போதோ தூர்ந்துபோயிருந்ததால், அதே பழைய தோட்டைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். எஸ்தரும் சபைப் பெண்களும் வாசலில் ஒதுங்கி நின்றார்கள். "நாங்க சொன்னாக் கேப்பாங்களாண்ணா? நீங்கதான் சொல்லோணும்."

பெரியம்மா என் கையைப் பிடித்து, "ஒரு நாளாச்சும் எம்புள்ளய இப்பிடிப் பாத்துப்போட்டேன்டா. நல்லாருக்காளா?" என்று கேட்டார்.

உண்மையில் அக்கா நன்றாகத்தான் இருந்தார்.

"அக்கா வேண்டாம்னு சொல்லுச்சுங்க, பெரியம்மா."

"உசுரோட இருக்கறப்ப அவ சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுனேன். இந்த ஒண்ண எனக்கு உடு. ஊடு தங்காத பய, இன்னைக்கு வந்து நாயம் பேசறியா?"

குனிந்து அக்காவின் கழுத்துக் கயிற்றின் முடிச்சுகளை அவிழ்த்தேன். கயிறு ஈரமாக இருந்ததால் லேசில் வரவில்லை. வெட்டவும் மனம் வரவில்லை. அவிழ்த்து முடிக்கும்வரை பெரியம்மா என் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தார். எஸ்தர் உள்ளே வந்து ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தார். தோட்டையும் கயிற்றையும் பெரியம்மா மடியில் வைத்தேன். "பால் கறக்கற நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். ஒரு பிடி மண்கூடப் போடவில்லை. சொந்தங்களும் அவரோடு கிளம்பிவிட்டார்கள்.

படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட எஸ்தருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த சபையாருக்கும், கடைச் சீருடையோடு வந்து கல்லறைவரை நடந்த பெண்களுக்கும் என் நன்றி. அன்று கோபித்துப் போன சொந்தங்களுக்கும் நன்றி. நீங்கள் வந்ததும் பாசத்தால்தான், போனதும் பாசத்தால்தான்.

இந்த ஒரு வருடமாக நான் பார்த்துவரும் வேலையில் அடக்கத்துக்கு மறுநாள் காலை சேர்ந்தேன். பெரியம்மா வீட்டில் கறவைக்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று பேருந்தில் யாரோ சொன்னார்கள். நேராக மாட்டுக் கட்டுத்தறிக்குப் போய், பால் குண்டாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெரியம்மா என் பக்கம் திரும்பாமல் மாட்டிடம் சொன்னார்: "ஊர்சுத்தி வந்து கை வெச்சா நல்லா ஒதைச்சுடு கண்ணு."

உதைத்தது. குண்டாவைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.