சீப்புச் சின்னத்தைச் சித்தி அழித்த ஞாயிறு

என் சித்தி வார்டு உறுப்பினர் தேர்தலில் சீப்புச் சின்னத்தில் நின்று, நாற்பத்தோரு ஓட்டு வாங்கித் தோற்றார். எங்கள் தெருவில் மட்டுமே அதைவிட அதிக ஓட்டு இருந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. பள்ளியில் என் பெயரே சீப்பு என்று ஆகிவிட்டிருந்தது.

வேப்பம்பட்டில் மனை வாங்கிக் குடிவந்தவர்கள் நாங்கள். மழை பெய்தால் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். அங்கே ஒரு சிறுபாலம் வரவேண்டும் என்பதற்காகத்தான் சித்தி தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்று ஜெயித்தவர் ஊரின் பழைய குடும்பம், அரிசி மண்டிக்காரரின் மனைவி. ஓட்டுக் கேட்கக்கூட அந்த அம்மாள் தெருவில் இறங்கவில்லை. மண்டிக்காரர்தான் வீடு வீடாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பது அவருக்கு ஒரு சின்ன இடைஞ்சல், அவ்வளவுதான்.

தோற்ற மறு ஞாயிறு சித்தி ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்தார். சுவரில் சின்னம் வரைய அனுமதி கேட்டபோது, ஜெயித்தாலும் தோற்றாலும் நானே வெள்ளையடித்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தாராம். கேட்டவர்கள் யாருக்கும் அது நினைவில்லை. சித்திக்கு மட்டும் இருந்து தொலைத்தது. இருட்டியதும் போகலாம் என்று கெஞ்சினேன்.

"பட்டப்பகல்லதானே ஓட்டுக் கேட்டோம்," என்று சொல்லிவிட்டுப் பத்து மணி வெயிலில் பிரஷ்ஷும் கையுமாகக் கிளம்பிவிட்டார். நான் யாரோ போலப் பத்தடி தள்ளி நடந்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் ஆள் வெளியே வந்து, "எங்க ஊட்டு ஓட்டு நாலும் உனுக்குத்தாம்மா," என்றார்கள். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். பதினோரு சுவர் முடிவதற்குள் நாற்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. இப்படிக் கூசாமல் புளுகுகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தியோ ஒருவர் விடாமல் சிரித்த முகத்தோடு நன்றி சொன்னார்.

கடைசிச் சுவர் மண்டிக்கு எதிரில். அதில் பாதி சீப்பு அழிந்திருந்தபோது மண்டிக்காரரின் மனைவி சாலையைக் கடந்து வந்தார். கேலி செய்யத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாளோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கிராம சபையில நான் எய்ந்து பேசணுமாமே. நீ கம்முனு குந்திகினு இரு, நான் பாத்துக்கிறேன்றாரு ஊட்டுக்காரரு. எனக்குக் கம்முனு இருக்க இஷ்டம் இல்ல. இன்னா பேசுறது?"

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை பிள்ளைகள் அதைத் தாண்டிப் போகிறார்கள், எந்த ஆபீஸில் மனு தூங்குகிறது என்று மாதக்கணக்கில் அலைந்து எழுதியது.

"இத அப்படியே படிங்கக்கா. படிக்கிறப்போ அண்ணனப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. நான் முன்னாடியே உக்காந்திருப்பேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்டும் போயிற்று, இப்போது தாளும் போயிற்று.

சொன்னபடியே கிராம சபையில் சித்தி முதல் வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். வழக்கம்போல மண்டிக்காரர் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"நீங்க குந்துங்க. மெம்பர் நான்தான்," என்றார் அவர் மனைவி.

அந்த அம்மாள் சித்தியைப் பார்த்துப் பார்த்து முழுத் தாளையும் படித்து முடித்தார். ஓர் இடத்திலும் திக்கவில்லை. சித்தி எழுந்து நின்று கை தட்டினார். கூட்டமே தட்டியது. நான் மட்டும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மழைக்கு முன் பாலம் வந்துவிட்டது. கல்வெட்டில் அந்த அம்மாளின் பெயர். இன்று அதன் மேல்தான், ஷூ நனையாமல், வேலைக்கு ரயில் பிடிக்க ஓடுகிறேன்.

அன்று கிராம சபை முடிந்து வீடு திரும்பும்போது, "நீங்க பேச வேண்டியதெல்லாம் அவங்க பேசிட்டாங்களே," என்று பொருமினேன்.

"என்னமா பேசினாங்க, பாத்தியா?" என்றார் சித்தி. அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைத் தேற்றத்தான் அப்படி நடிக்கிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.