‘ஒண்ணுமில்ல’ பெரியப்பாவின் பிக்கப்

என் பெரியப்பாவுக்கு எங்கள் வீட்டில் ‘ஒண்ணுமில்ல’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. அந்த ஒரு சொல்லை வைத்தே குடும்பம் நடத்தியவர். கூரை ஒழுகினால், “ஒண்ணுமில்ல, மழை நின்னா அதுவும் நின்னுடும்.” பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கினால், “ஒண்ணுமில்ல, வாயு.” வெளியாளிடம் பேசும்போது “ஒண்ணுமில்லீங்க” என்று வெண்ணெய் வழியும். பெரியம்மாவிடம் “ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!” என்று ஓட்டின் மேல் கல் விழும். இரண்டு குரலையும் நான் அச்சு அசலாகச் செய்வேன். வீடே சிரிக்கும், பெரியம்மாவைத் தவிர.

அவரிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. விடியும் முன்னே பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை ஏற்றி, நோயாளிகளின் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டும். அவருக்கு இருந்த ஒரே நிலையான வேலை அதுதான். பெரியம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கடைசித் தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போவாள். ரொட்டி நசுங்கிவிடக் கூடாது என்று பெரியப்பா வண்டியை மாட்டுவண்டிபோல உருட்டுவார்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அணைத்த வண்டி மறுபடி கிளம்பவில்லை. காவலாளியும் இரண்டு துப்புரவுக்காரர்களும் தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரம் பேக்கரி வாசலிலேயே படுத்துக்கொண்டது. கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டார். அதுவும் படுத்தது. பேக்கரி முதலாளி மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பெரியவரே, அங்க நோயாளிங்க பசியோட உக்காந்திருக்காங்க. இன்னொரு தடவை லேட்டாச்சுன்னா வேற வண்டி பாத்துக்குவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

“ஒண்ணுமில்லீங்க, தம்பிகிட்ட காட்டிடறேன்.”

அந்தத் தம்பி என் அப்பா, வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன். தேவைப்படாத நாட்களில் அவருக்குப் பெரியப்பா வைத்த பெயர் ‘ஒயர் புடுங்கி’.

அப்பா வோல்ட் மீட்டரை பேட்டரியில் வைத்தார். இன்ஜின் ஓடும்போது முள் பதினாலு வோல்ட் பக்கம் ஏற வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றது.

“பேட்டரி மேல தப்பு இல்லண்ணே. ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணல. வண்டி ஓடறது பூரா பேட்டரியில இருக்கறதைத் தின்னுதான் ஓடுது.”

“அப்ப கழட்டிப் பாரு. வாய்லயே ரிப்பேர் பண்ணுவியா?”

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது, இறுக்கினார். ஆல்டர்னேட்டரைக் கழற்றி வெளியே சோதித்தார். நன்றாக வேலை செய்தது. திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பியவர் டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தார்.

“அண்ணே, சாவி போட்டா இங்க சிவப்பா சார்ஜ் லைட் எரியணுமே. எங்க காணோம்?”

“வாங்கினப்பவே கிடையாது. ஒண்ணுமில்ல, நீ வேலையைப் பாரு.”

சீட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா வாயைத் திறந்தாள்.

“உன்னை யாரு கேட்டா?” என்றார் பெரியப்பா.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

இத்தனை வருடம் விளக்கில்லாமலே ஓடிய வண்டி என்றால் கோளாறு அங்கே இருக்காது என்று அப்பா நினைத்தார். அண்ணன் வாக்கை நம்பினார். ஊரார் வண்டியாக இருந்தால் மீட்டர் போர்டைப் பிரித்துப் பார்த்திருப்பார். பானட்டைத் திறந்து வைத்து, அண்ணனை ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்கச் சொன்னார். இன்ஜின் அலறியது, முள் துள்ளிப் பதினாலுக்குப் போனது.

“ஏறிடுச்சுண்ணே! பெல்ட்தான் போல.”

“நான்தான் ஒண்ணுமில்லன்னு அப்பவே சொன்னேனே!”

மறுநாள் விடிகாலையில் ஹெட்லைட் போட்டு, வைப்பர் போட்டு, மழையில் மாட்டுவண்டி வேகத்தில் போனார்கள். பாதி வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. டீசலை மிச்சம் பிடிக்கப் பெரியப்பா இன்ஜினை அணைத்தார். கேட் திறந்தபோது சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கேட்டைக் கடந்துபோயின. பெரியம்மா இறங்கி, நனைந்துகொண்டே தள்ளினாள். அவள் மூச்சுக்கு வண்டியா நகரும்? கடைசியில் கேட்காரர் வந்து தள்ளிக் கிளப்பி, ரொட்டி போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் வேறு கடை ரொட்டியைத் தின்றுவிட்டுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பேக்கரிக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அன்று மதியம் பெரியப்பா, அப்பாவின் பட்டறை வாசலில் நின்று கத்தினார். “என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேடா ஒயர் புடுங்கி! தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

அப்பா நேராகப் போய் வண்டியின் மீட்டர் போர்டைப் பிரித்தார். சார்ஜ் லைட் இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது. உள்ளே ஒயர் இருந்தது, பல்பு மாட்டும் ஹோல்டரும் இருந்தது.

“அண்ணே, இந்த பல்பு வழியாப் போற கரன்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். அது இல்லன்னா ஓங்கி மிதிச்சாத்தான் தானா முழிக்கும். நேத்து நாம மிதிச்சோம், முழிச்சுது. நீங்க ரொட்டி வண்டி ஓட்டற வேகத்துக்கு அது எங்க முழிக்கும்? இதை யாரு கழட்டினா?”

“எனக்கென்ன தெரியும்? வித்தவன் கழட்டியிருப்பான்.”

பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கடலை அளவில் ஒரு பல்பை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“பெல்ட் தளர்ந்த நாள்லேருந்து மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுது. கண்ணைக் குத்துதுன்னு இவருதான் புடுங்கி வெளிய வீசினாரு. நான் இறங்கிப் பொறுக்கி வெச்சேன்.”

“அண்ணி! தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“என்னை யாரு கேட்டா?”

பெரியப்பாவின் எந்தக் குரலிலும் அது இல்லை. எனக்கு இன்றுவரை செய்ய வராத குரல் அது.

அப்பா பல்பை மாட்டினார். சாவி போட்டதும் சிவப்பாக எரிந்தது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்தது. ஆக்சிலரேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை, முள் பதினாலில் நின்றது. அப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார் போல.

“இவ்வளவுதானா? ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு இத்தனை நாள் இழுத்தடிச்சிருக்கான்,” என்றார் பெரியப்பா.

பிக்கப் இப்போது முதல் திருப்பிலேயே கிளம்புகிறது, ஏற்றத்தான் எதுவும் இல்லை. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று காலையில் வாசலிலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார். பக்கத்து சீட் காலி. பெரியம்மா அதே பேக்கரியில் தட்டு கழுவப் போகிறாள். ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோகும் புது வேன்காரர், பேக்கரிக்குப் போகிற வழியில் அவளை ஏற்றிக்கொள்கிறார்.