ஊசியக்காவின் மன்றாட்டு

எங்கள் கோயிலில் வியாழக்கிழமை காலையிலிருந்து மாலை வரை நற்கருணை ஆராதனை. ஃபாதர், எங்களுக்கு ஆண்டவரேயான அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்துப் பீடத்தில் நிறுத்தி, தூபம் காட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு ஆளுக்கொரு மணி நேரம் என்று பங்கு போட்டுக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். அங்கே ஒவ்வொருவரும் செபிக்கிற விதம் ஒரு தனி வேடிக்கை. ஒருத்தி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி செபமாலையை உருட்டுவாள். ஒருவர் கண்ணை மூடித் தியானத்தில் ஆழ்வார், கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்கும். நான் முட்டி வலி, மகன் பரீட்சை, மழைக்கு ஒழுகுகிற கூரை என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, பாத்திரத்தின் நடுவிலிருக்கும் அந்த வெள்ளை அப்பத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். அது எனக்குப் போதும்.

ஊசியக்காவுக்குப் போதாது. அவள் வழக்கு நடத்த வருவாள். முன்வரிசையில் முழந்தாளிட்டு, இமை கொட்டாமல் கதிர்ப்பாத்திரத்தை முறைப்பாள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னக்கா, அவர்கிட்ட சண்டையா?"

"சண்டை அவர்கூட இல்ல. அவர் சாட்சி. சாட்சி வாயைத் திறக்கமாட்டேங்கிறாரு, அதான் பாக்குறேன்."

அவளும் நானும் ஒரே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிறோம். மடித்த தாள்களை அடுக்கி நூல் கோத்துத் தைப்பது அவள் வேலை, பசை தடவி அட்டை ஒட்டுவது என் வேலை. ஊசி என்ற பேர் கையிலிருக்கிற ஊசியால் வந்ததா, வாயிலிருக்கிற ஊசியால் வந்ததா என்று கேட்காதீர்கள். இரண்டிலும் குத்துப்பட்டவர்கள் நிறைய.

அவள் புருஷன் அதே அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மெஷினில் இருந்தவர். அந்த மெஷினில் இடப்பக்கம் ஒரு பொத்தான், வலப்பக்கம் ஒரு பொத்தான். இரண்டு கையாலும் இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் கத்திக்குக் கீழே போகாது, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவசர வேலை ஒன்று வந்தபோது, ஒரு பொத்தானை அழுத்தியபடியே டேப் சுற்றி ஒட்டிவைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். ஒரு கை ஓய்வாக இருந்தால் அது தாளைத் தள்ளும், வேலை வேகமாக நடக்கும் என்பது அவர் கணக்கு. அந்த ஓய்வான கைதான் போனது.

ஆஸ்பத்திரியில் புண் புரையோடி ஆள் செத்துப்போனார். அதற்குள் டேப் காணாமல் போயிருந்தது, அதன் இடத்தில் ஒரு பேச்சு முளைத்திருந்தது. "குடிச்சிட்டு வந்து கையை விட்டுட்டான், பாவம்" என்று விசாரிக்க வந்தவர்களிடம் சூப்பர்வைசர் சொன்னார். அவர் சொன்னதையே ஊர் சொன்னது. இருமல் மருந்துக்கே மூக்கைப் பொத்துகிற மனுஷன் ஊசியக்காவின் புருஷன். சாவு வீட்டுக்கு வந்தவர்கள்கூட மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன பண்றது, குடி கெடுத்துடுச்சு" என்றார்களாம். மகளைப் பெண் பார்க்க வந்த இடத்திலும் மாப்பிள்ளையின் அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

பிறகு, இரக்கப்பட்டு ஊசியக்காவுக்கு பைண்டிங்கில் வேலை போட்டுக்கொடுத்தவரும் அதே சூப்பர்வைசர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே வெட்டு மெஷின் பக்கம் போய்ப் பார்த்தாளாம். இடப்பக்கப் பொத்தானைச் சுற்றி டேப் ஒட்டியிருந்த பசை கறுத்துப்போய் வளையமாக இருந்தது. நான் சேர்ந்த பிறகு எனக்கும் காட்டினாள்.

"எல்லாத்தையும் துடைச்சாரு, இதைத் துடைக்க மறந்துட்டாரு. நான் மறக்கமாட்டேன்."

சூப்பர்வைசருக்குக் கோயிலில் வேறு பேர், மைக் அண்ணன். ஆராதனைக் குழுவின் தலைவர் அவர். மைக்கைப் பிடித்தால் அதைப் பிடுங்குவதற்கு பிஷப்தான் வரவேண்டும். சட்டம் பேசுவதில் ஃபாதரையே மிஞ்சுவார். செல்போனை வாசலில் இருக்கிற கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழையவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, கதிர்ப்பாத்திரம் பீடத்தில் இருக்கும்போது ஆண்டவரைத் தனியாக விடக்கூடாது, அடுத்த ஆள் உள்ளே வந்து முழந்தாளிட்ட பிறகுதான் முதல் ஆள் எழுந்திருக்கலாம். இது எல்லாக் கோயிலிலும் உள்ள வழக்கம்தான். ஒருநாள் அடுத்த ஆள் வரத் தாமதமானதால் நான் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன். அன்று மாலை மைக்கில் என் மானத்தை வாங்கினார். "ஆண்டவரைத் தனியா விட்டுட்டுப் போறதுக்கு எப்படித்தான் மனசு வருதோ!" பேர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

மாலையில் ஃபாதர் வந்து நற்கருணை ஆசீர் தருவதற்கு முன்னால் மன்றாட்டு நடக்கும். யாருக்கு என்ன வேண்டுதலோ, எழுந்து நின்று சத்தமாகச் சொல்லலாம். சொல்லி முடித்ததும் மைக் அண்ணன் "ஆண்டவரே" என்று எடுத்துக்கொடுப்பார், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரும் சேர்ந்துகொள்வோம். ஒரு வியாழக்கிழமை ஊசியக்கா எழுந்தாள். அதுவரை அவள் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை.

"வாழ்நாள்ல ஒரு சொட்டுகூடக் குடிக்காம, குடிகாரன்னு பேர் வாங்கிச் செத்துப்போன என் புருஷனுக்காக."

மைக் அண்ணன் தொண்டையைச் செருமினார். என்ன செய்வார்? "ஆண்டவரே" என்று எடுத்துக்கொடுத்தார். கோயிலே சேர்ந்து கேட்டது. ஊசியக்கா உட்கார்ந்து, தைத்த நூலை இழுத்து முடிச்சுப் போடுகிறபோது விடுவாளே, அந்த மூச்சை விட்டாள்.

அடுத்த வாரம், "அந்தப் பேரை அவருக்கு வாங்கிக் குடுத்தவங்க நாக்குக்காக. ஆண்டவர் அதை நல்லா கவனிச்சுக்கணும்." அதற்கடுத்த வாரம், "ஒட்டின டேப்பை உரிச்ச விரலுக்காக." விவரம் தெரியாத ஜனங்கள் பக்தியாகப் பதில் சொன்னார்கள். விவரம் தெரிந்த அச்சகத்துக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். மைக் அண்ணனின் "ஆண்டவரே" வாரத்துக்கு வாரம் மெலிந்தது. எனக்கோ வியாழக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. பழிவாங்குகிற செபம் பாவமென்றால், அதை வேடிக்கை பார்ப்பதும் பாவமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபாதர் அவளைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். "நற்கருணை முன்னாடி வந்து பழி தீர்க்கலாமாம்மா?"

"நான் யார் பேரையாவது சொன்னேனா ஃபாதர்? எதிரியோட பல்லை உடைச்சுப்போடும் ஆண்டவரேன்னு நீங்க படிக்கிற செபத்துலயே வருது. நான் பல்லைக்கூடக் கேக்கல. என் புருஷன் பேரைத்தான் திருப்பிக் கேக்குறேன்."

ஃபாதர் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவிட்டார். ஆனால் மைக் அண்ணன் சும்மா இருப்பாரா? அடுத்த வாரமே அறிவித்துவிட்டார். "இனிமே மன்றாட்டை அவங்கவங்க மனசுக்குள்ளயே சொல்லிக்கலாம். ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்."

அன்று ஊசியக்காவும் நானும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தோம். அவள் வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னாள். "என் மனுஷனைப் பொய் சொல்லிக் கொன்னாங்க. இப்ப செபத்துலயும் பொதைக்கிறாங்க. விடமாட்டேன்டி."

அச்சகத்துக்கு வியாழன் வார விடுமுறை. ஆராதனையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி மைக் அண்ணனுடையது. ஊசியக்கா யாரிடமோ பேசி அதற்கடுத்த மணியை வாங்கிக்கொண்டாள். அதற்கடுத்தது என்னுடையது.

அன்று நல்ல மழை. நான் குடையை மடக்கிக்கொண்டு வந்தபோது ஊசியக்கா உள்ளே இல்லை. வாசல் வராந்தாவில், செல்போன் கூடைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, உன் நேரம் முடியப் போகுதே! உள்ள யாரு?"

"உன் மைக் அண்ணன்தான். நான் கால் வைக்காம அவர் எழுந்திரிக்க முடியாதில்ல? அதான் வைக்கல."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் போட்ட சட்டத்திலேயே அவரைப் பூட்டிவிட்டாள். ஃபாதர் நோயாளி ஒருவருக்கு எண்ணெய் பூசிச் செபிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார், கோயில் வேலையாளும் கூடப் போய்விட்டார். கூடையில் மைக் அண்ணனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"வீட்டுல தேடுறாங்க போல" என்றாள் ஊசியக்கா.

மழையிலும் பக்தி குறையாமல் இரண்டு பேர் வந்தார்கள். "அண்ணன் உள்ள ஆழ்ந்த செபத்துல இருக்காரு. இன்னைக்கு அவருக்கும் ஆண்டவருக்கும் நிறையப் பேச்சு இருக்கு. நீங்க சாயங்காலம் வாங்க" என்று அவள் பணிவாகச் சொல்லி அனுப்பினாள். முழுப் பொய்யும் இல்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். முதலில் முழந்தாளிட்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு எழுந்து வாசல் வரைக்கும் வந்து, பீடத்தைத் திரும்பிப் பார்த்தபடியே நின்றார்.

"என்ன தங்கச்சி இது? உள்ள வாம்மா. ஒரு அஞ்சு நிமிஷம் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

ஊசியக்கா எழுந்திருக்கவில்லை. "அந்த டேப்பை யாரு உரிச்சதுண்ணே?"

அவர் கூடையிலிருந்த தன் போனைப் பார்த்தார்.

"எனக்குச் சொல்ல வேண்டாம். எனக்குத்தான் தெரியுமே. உள்ள ஒருத்தர் இருக்காரு பாருங்க, அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்குங்க. அவரைத் தனியா விடாதீங்கண்ணே, அது பாவம்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் நினைத்திருந்தால் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். இரண்டு பெண்பிள்ளைகள் அவரைக் கட்டியா பிடித்துவிட முடியும்? அதை இன்றுவரை யோசிக்கிறேன். அவர் போகவில்லை. திரும்பி உள்ளே போனார். கடைசியாக நான் எட்டிப் பார்த்தபோது, முழந்தாளிட்டு நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். முதுகு குலுங்கியது. எனக்கு மனசு என்னவோ செய்தது. ஊசியக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"அழட்டும். நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல அழுதப்ப எனக்கு யாரும் கதவைத் திறக்கல."

ஃபாதரின் வண்டி உள்ளே நுழைந்த பிறகுதான் அவள் எழுந்து, புடவையை உதறிவிட்டு, உள்ளே போய் முழந்தாளிட்டாள். மைக் அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது.

மாலையில் மழை விட்டு, கோயில் நிறைந்தது. பாட்டு முடிந்தது. மனசுக்குள் மன்றாடுகிற மௌனமும் முடிந்தது. வழக்கப்படி ஃபாதர் தூபத்துக்கு எழுந்தபோது, மைக் அண்ணன் கையை நீட்டி அவரை நிறுத்தினார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஒரு மன்றாட்டு இருக்கு. எங்க அச்சகத்துல கட்டிங் மெஷின்ல இருந்த தம்பிக்காக. அவர் குடிக்கல. அன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே குடிக்கல. பொத்தானுக்கு டேப் சுத்தச் சொன்னது நான். அப்புறம் அதை உரிச்சதும் நான்தான். அந்தத் தம்பி ஆன்மாவுக்காகவும், அவர் மேல பொய் சொன்ன பாவி எனக்காகவும்... ஆண்டவரே..."

யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. எப்படிச் சேர்ந்துகொள்வார்கள்? அப்போது முன்வரிசையில் ஊசியக்கா எழுந்து நின்றாள்.

"அதை ரெண்டா பிரிச்சுச் சொல்லுங்க."

"அம்மா..." என்றார் ஃபாதர்.

"அவருக்கும் இவருக்கும் ஒரே மன்றாட்டுல இடம் கிடையாது ஃபாதர். பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

மைக் அண்ணன் தலையாட்டினார். "அந்தத் தம்பிக்காக. ஆண்டவரே..."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" ஊசியக்காவின் குரல் எல்லோருக்கும் முந்தி எழும்பியது. கோயில் பின்னாலேயே அதிர்ந்தது. தரையைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகிய அச்சகத்துக்காரர்கள் அன்று நிமிர்ந்து சொன்னார்கள். பின்வரிசையில் நின்ற அவள் மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பொய் சொன்ன எனக்காக. ஆண்டவரே..."

ஜனங்கள் சொன்னார்கள். ஃபாதர் சொன்னார். நானும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாக. ஊசியக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கதிர்ப்பாத்திரத்தை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மைக் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். அந்தப் பொத்தானை மாற்றிவிட்டார்கள். ஊசியக்கா இன்னும் என் பக்கத்து மேசையில்தான் தைக்கிறாள். மகளுக்குக் கல்யாணம் கூடி வருகிறது, மாப்பிள்ளை வீட்டார் குடியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வியாழக்கிழமை தோறும் மைக் அண்ணன் கடைசி வரிசையில், மைக் இல்லாமல், அந்த இரண்டு மன்றாட்டையும் தனித்தனியாகச் சொல்கிறார். முதலாவதுக்கு அவள் பதில் சொல்கிறாள். இரண்டாவதைச் சொல்லிவிட்டு அவர் அவள் முதுகையே பார்த்தபடி காத்திருக்கிறார். அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.